தனம் மெஷினில் உட்கார்ந்த நாட்கள்

ஜூன் 26, வியாழன்

காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். மோட்டார் ஓடியும் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. பிளம்பர் எதற்கு, நானே வால்வைக் கழற்றி மாட்டினேன். ஒரு திருகு மிச்சம். அது இல்லாமலும் தண்ணீர் ஏறுகிறது. ஆகவே அது தேவையில்லாத திருகு.

நல்ல சேதி. என் தங்கச்சி தனம் மறுபடியும் தையல் மெஷினில் உட்கார ஆரம்பித்துவிட்டாள். மாசி மாதம் நுரையீரலில் கட்டி என்று சொன்னதிலிருந்து மெஷின் மேல் பெட்ஷீட் மூடிக் கிடந்தது. இன்று மு.ப. 6, பால் வாங்கி வருகிறேன், பெட்ஷீட் தரையில். ஸ்டூலில் அவள். இரண்டு கையையும் மெஷின் மேல் போட்டு, தலை கவிழ்ந்து.

“இன்னா தனம், காலங்காத்தால?”

“படுத்துப் பாத்தேண்ணா. உக்காந்தா தேவலாம் போல இருக்குது.”

தெம்பு வந்துவிட்டால் படுக்கை பிடிக்காது. எனக்கும் அப்படித்தான், டைபாய்டு வந்து எழுந்தபோது ரெட்டியார்பாளையத்திலிருந்து கடற்கரை வரை நடந்தே போனேன். (பாதி வழி பஸ்.)

எல்லாம் இந்த இம்யூனோ ஊசியின் வேலை. மூன்று டோஸ் முடிந்திருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒன்று. உடம்புக்குள் போலீஸ் இருக்கிறதாம், புற்றுநோய் அதன் கையைக் கட்டிப் போட்டிருக்கிறதாம், இந்த மருந்து கட்டை அவிழ்த்துவிடுகிறதாம். டாக்டரம்மா சொன்னது. நம்ம ஊர் போலீஸின் சிவப்புத் தொப்பியும் லத்தியும் நான் சேர்த்தது. தெருவில் எல்லோருக்கும் புரிந்தது.

போன வாரம் ஸ்கேன். கட்டி கால்வாசி குறைந்திருக்கிறது. தெருவில் பாதி என்று சொன்னேன். மளிகைக் கடையில் முக்கால்.

எதிர்வீட்டு ரோசாலி அம்மா பாரீஸிலிருந்து வந்துவிட்டார். வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய், எங்கள் ஊரில் சொல்தா என்போம், காலமாகிவிட்டார். அவர் மெடல்களைக் குத்திக்கொண்டு ஜூலை பதினாலு பிரெஞ்சு தேசிய தின அணிவகுப்புக்கு வருஷம் தவறாமல் போய் நிற்பார் இந்த அம்மா. அன்றைக்குப் போட கிளிப்பச்சைப் பட்டில் ஒரு ரவிக்கைத் துணி கொண்டுவந்தார். தனத்துக்கு இப்போது தைக்க முடியுமா என்று தயங்கினார். “மெஷின்லதான் உக்காந்திருக்கா மதாம், குடுத்துட்டுப் போங்க” என்றேன்.

ஜூன் 30, திங்கள்

நாலாவது டோஸ்.

எடுத்துப் போனவை: ஃபைல். ஸ்வெட்டர் (அங்கே ஏ.சி. குளிர்). பிஸ்கட். வெந்நீர் ஃபிளாஸ்க். பனை விசிறி. ஏ.சி.யில் விசிறி எதற்கு என்று தனம் கேட்டாள். கரண்டு போனால்?

இந்துவுக்கு லீவு இல்லை. தனத்தின் ஒரே பெண், காலாப்பட்டில் ஆபீஸ் வேலை. ஆகவே வழக்கம்போல நான். எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரி என்றால் நோயாளி பேசுவதில்லை, கூட வந்த ஆம்பிளை பேசுவான். அம்மாவுக்கு நான்தான் பேசினேன். தனத்தின் வீட்டுக்காரருக்கு நான்தான். எட்டாவது வரைதான் படிப்பு, ஆனால் டாக்டர்களோடு பேசுவது ஒரு கலை.

ஊசிக்கு முன்னால் டாக்டரம்மா கேள்வி கேட்பார். போன முறை பக்கத்து நாற்காலிக்காரர், பாவம், இருமல் என்று வாயை விட்டார். டோஸ் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது என் மனசில் இருந்தது.

“அம்மா, மூச்சு வாங்குதா? நெஞ்சு வலி ஏதாவது?”

தனம் வாயைத் திறப்பதற்குள் நான்: “சிங்கம் டாக்டர்! காலைல ஆறு மணிக்கே மெஷின்ல உக்காந்துடறா. நேத்து ஒரே நாள்ல மூணு ரவிக்க.”

டாக்டரம்மா சிரித்தார். “படுக்கறதுக்குக் கஷ்டமா இருக்கா?”

“படுத்தாத்தானே டாக்டர்!”

நர்ஸ்கூடச் சிரித்தது. தனமும் சிரித்தாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. அரை மணி நேரம் மருந்து ஏறியது.

இந்த மருந்து இவ்வளவு நன்றாக யாருக்கும் ஒத்துக்கொண்டதில்லை என்று டாக்டரம்மா சொன்னார். (அவர் சொன்னது ‘நல்லது’. மற்றது நான்.)

ஆட்டோவில் தனம் முன்கம்பியில் நெற்றியை வைத்தபடி வந்தாள்.

“ஒரு நாலு நாளா நெஞ்சுல குத்துதுண்ணா. மூச்சு வாங்குது. சொல்லலாம்னு இருந்தேன்.”

“சொல்லியிருந்தா போட்டிருப்பாங்களா? அடுத்த வாரம் வான்னு அனுப்பியிருப்பாங்க.”

 வீட்டுக்கு வந்ததும் மறுபடி மெஷின்தான்.

ஜூலை 2, புதன்

மாலை நாலு துளி மழை. கிளப்பிவிட்ட சூடு.

தனம் பாதி இட்லி. நிமிர்ந்தால், ஆழ மூச்சிழுத்தால் குத்துகிறதாம். முன்னால் சாய்ந்தால் விடுகிறதாம். காஸ் ட்ரபிள். ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். ஏப்பம் வந்தது. சொன்னேனே.

டீக்கடையில் ஒருவர், “உங்க தங்கச்சி எப்டி இருக்காங்க?”

“ஒரு நாளைக்கி எட்டு மணி நேரம் தையல்.”

“கேன்சர் வந்தவங்களா!”

“பிரெஞ்சு மருந்து.” (எந்த ஊர் மருந்தென்று பெட்டியில் பார்க்கவில்லை.)

அந்தக் கடையில் என் மதிப்பு ஏறிவிட்டது. டீயில் இஞ்சி தட்டிப் போட்டான்.

ஜூலை 5, சனி

புழுக்கம். கேஸ் சிலிண்டர் வந்தது.

ரோசாலி அம்மா ரவிக்கையைக் கேட்டு வந்தார். தனம் மெஷின் மேல் சாய்ந்திருந்தாள், அவர் வந்ததைப் பார்த்து எழப் பார்த்தாள், முடியவில்லை. அவரே ஊசிக்கு அடியிலிருந்த துணியைத் தூக்கிப் பார்த்தார்.

“கலியபெருமாள், நான் குடுத்து ஒம்போது நாள். ஒரு கைதான் வெச்சிருக்குது.”

“பட்டு மதாம். நிதானமாத்தான் தைக்கணும்.”

“எட்டு மணி நேரம் தைக்கறான்னு தெருவெல்லாம் சொல்ற.”

நான் பேச்சை மாற்றினேன். பட்டாளத்தில் சேர எனக்கு அரை அங்குலம் உயரம் குறைந்துபோன கதையைச் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. தனத்தின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கால் வீங்கியிருக்குதே.”

“உக்காந்தே இருக்காளே, அதான்.”

அவர் போன பிறகு இந்து: “ஏம்மா, மெஷின் மேல இன்னாத்துக்கு தலகாணி?”

தனம் என்னைப் பார்த்தாள்.

“முழங்கைக்கு மெத்துனு இருக்கட்டும்னு நான்தான் வெச்சேன்” என்றேன். நான் வைக்கவில்லை. தலையணையைக் கட்டிக்கொண்டு இரவெல்லாம் அங்கேயே தூங்குகிறாள் போலிருக்கிறது. திங்களன்று டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

ஜூலை 7, திங்கள்

வேறு பேனா. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.  மடியில் வைத்து எழுதிய எழுத்து, பிறகு எனக்கே புரியாது.

மு.ப. 10 இருக்கும். ஸ்டூலிலிருந்து எழுந்தாள், அப்படியே மடிந்து விழுந்தாள். முகம் சாம்பல். வேர்வை. கழுத்து நரம்பு கயிறு போலப் புடைத்து நின்றது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. ரோசாலி அம்மா வீட்டுக் கார்.

எமர்ஜென்சியில் பி.பி. மெஷின் மூன்று முறை கட்டிப் பார்த்தார்கள். அவ்வளவு குறைவாம். ஒரு டாக்டர் நெஞ்சில் பசை தடவி ஸ்கேன் வைத்தார். திரையில் ஒரு கறுப்பு வளையம். நடுவில் இதயம், தண்ணீரில் விழுந்த குருவி அடித்துக்கொள்கிற மாதிரி.

“அந்தக் கறுப்பு பூரா தண்ணி” என்றார். “இதயத்தச் சுத்தி ஒரு உறை இருக்கும். உறைக்கும் இதயத்துக்கும் நடுவுல தண்ணி சேந்துபோச்சி. இதயம் விரிய எடமில்ல. உடனே எடுக்கணும்.”

கையெழுத்து. இரண்டு இடத்தில். என் பெயரில் ‘பெ’ விட்டுப்போனது.

யாரோ ஒரு நர்ஸ் கேட்டது, “எத்தன நாளா மூச்சுத் திணறல்?” வாயைத் திறந்தேன். இன்றைக்குத்தான் என்று வந்தது. சொல்லிவிட்டேன்.

நெஞ்செலும்புக்குக் கீழே நீள ஊசி. வெளியே அனுப்பிவிட்டார்கள். கதவில் இருந்த வட்டக் கண்ணாடி வழியாக அவள் பாதம் மட்டும் தெரிந்தது. கால் விரலில் கிளிப்பச்சை நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

பெரிய தண்ணீர் பாட்டில் அளவு எடுத்தார்கள். நாவல் பழச் சாறு நிறம். குழாயை உள்ளேயே விட்டிருக்கிறார்கள், இன்னும் வடியுமாம். பி.பி. ஏறிவிட்டது. ஐ.சி.யு.

இந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். “இன்னா மாமா ஆச்சு?”

 தண்ணி, தண்ணி என்றேன். அவள் குடிக்கக் கேட்கிறேன் என்று நினைத்து வாங்கிவந்தாள். குடித்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

இருக்கையெல்லாம் இரும்பு. முதுகு போய்விட்டது. ஒரு காபி, அதுவும் சர்க்கரைப் பாகு.

மு.ப. 11. கேன்சர் டாக்டரம்மாவும் இதய டாக்டரும் எங்களை அறைக்குள் கூப்பிட்டார்கள். உட்காரச் சொன்னார்கள். உட்காரச் சொன்னாலே பயம்.

காரணம் இரண்டில் ஒன்றாம். ஒன்று, புற்றுநோயே உறை வரைக்கும் போயிருக்கலாம். அல்லது மருந்து. கட்டவிழ்த்துவிட்ட போலீஸ் சில பேருக்கு சொந்த வீட்டையே அடிக்குமாம். குடல், தோல், அபூர்வமாக இதயத்தின் உறை. தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதில் புற்று அணு இருக்கிறதா என்று பார்க்க மூன்று நாள்.

“எப்ப ஆரம்பிச்சிதுன்னு எங்களுக்குச் சரியாத் தெரியணும்” என்றார் இதய டாக்டர். “நெஞ்சு வலி, மல்லாந்து படுக்க முடியாம போறது, உக்காந்து முன்னால சாஞ்சா மட்டும் சுகமா இருக்கறது. இதுதான் இந்த வியாதியோட கையெழுத்து. அப்படி இருந்தாங்களா?”

முன்னால் சாய்ந்து.

இந்து சொன்னாள், “நேத்துதான் விழுந்தாங்க டாக்டர். அதுவரைக்கும் தையல் தச்சிக்கிட்டுதான் இருந்தாங்க.”

நான் சொல்லிவைத்தது அது. குழந்தை நம்பியிருக்கிறது.

பைக்குள்ளிருந்து இந்த டைரியை எடுத்தேன். பக்கம் புரட்டினேன். ஜூன் 26. ‘நல்ல சேதி’ என்று எழுதியிருக்கிறேன். சத்தமாகப் படித்தேன். ‘படுத்துப் பாத்தேண்ணா. உக்காந்தா தேவலாம் போல இருக்குது.’  டாக்டரிடம் நீட்டினேன். அவர் படித்தார். பக்கத்தைத் திருப்பி ஜூன் 30-ஐயும் படித்தார். டாக்டரம்மாவிடம் கொடுத்தார். அவர் தன் ஃபைலைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

ஃபைலில் இருந்தது, நானும் எட்டிப் பார்த்தேன்:
மூச்சுத் திணறல் – இல்லை.
நெஞ்சு வலி – இல்லை.
படுப்பதில் சிரமம் – இல்லை.
மூன்றும் என் வாய்.

“மூணு ரவிக்கன்னு சொன்னீங்களே ஐயா” என்றார் டாக்டரம்மா. கோபமாகக்கூட இல்லை.

“ஒண்ணுகூட இல்லம்மா. ஒரு கைதான்.”

இந்து எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஜூலை 9, புதன்

 காலையில் இந்து இட்லிப் பொட்டலத்தை என் பக்கத்து நாற்காலியில் வைத்தாள், கையில் தரவில்லை. நானும் பிரிக்கவில்லை. எறும்பு.

முடிவு வரும்வரை காத்திருக்காமல் ஸ்டீராய்டு ஆரம்பித்துவிட்டார்கள். வீக்கம் அடங்கவாம்.

ஐ.சி.யு.வில் பத்து நிமிஷம் விட்டார்கள். கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள், தனம் சாய்ந்து இருந்தாள். குழாய் முனையில் பை. அதில் கொஞ்சம் சிவப்பு.

“இதயத்துக்கு உறை இருக்குதாமே” என்றேன்.

“டாக்டர் படம் போட்டுக் காட்டினாரு. ரவிக்கைக்கு லைனிங் வெக்கற மாதிரி.” மூச்சு வாங்கி, கொஞ்சம் நிறுத்தி, “லைனிங் துணிய மொதல்லயே நனச்சிக் காய வெச்சிடணும்ணா. இல்லன்னா தண்ணி பட்டதும் அது ஒரு பக்கம் இழுக்கும், மேல் துணி ஒரு பக்கம்.”

“நான் அன்னிக்கி டாக்டர்கிட்ட…”

“தெரியும். நானும் அங்கதான இருந்தேன்.”

“நீயாவது சொல்லியிருக்கலாம்.”

“நீ அவ்ளோ நல்லாச் சொன்னியா, எனக்கே அப்படித்தான் போலிருக்குதுன்னு தோணிச்சி.”

நர்ஸ் நேரம் முடிந்தது என்றது.

ஜூலை 11, வெள்ளி

முடிவு வந்தது. தண்ணீரில் புற்று அணு இல்லை.

எழுந்து நின்று கையைத் தூக்கிவிட்டேன். வராந்தா முழுக்கச் சொல்ல வேண்டும் போல இருந்தது. டாக்டரம்மா உட்காரச் சொன்னார்.

அணு இல்லை என்றால் மருந்துதான் காரணம். அந்த மருந்தை இனிமேல் கொடுக்க முடியாது. கொடுத்தால் அடுத்த தடவை இதயத்தின் சதையையே தாக்கலாம். கட்டியைக் குறைத்ததும் அதுதான், இதைச் செய்ததும் அதுதான்.

“அப்ப கட்டிக்கி?” இந்து கேட்டாள்.

“ஸ்டீராய்ட கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும், சில வாரம் ஆகும். அப்புறம் ஸ்கேன். வேற கீமோ இருக்கு. சில பேருக்கு இந்த மருந்த நிறுத்தின பிறகும் கட்டி அப்படியே அடங்கி இருக்கும்.”

“சில பேருக்குன்னா?”

“அவங்களுக்கு எப்படின்னு இப்ப சொல்ல முடியாதும்மா.”

நான் கேட்டேன். கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். “அன்னிக்கி நான் உள்ளதச் சொல்லியிருந்தா?”

“நாலாவது டோஸ நிறுத்தியிருப்போம். ஸ்கேன் எடுத்திருப்போம்.” ஃபைலை மூடி, “ஆனா வியாதி அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்குது. அந்த டோஸ் இல்லாமயும் இப்படி ஆகியிருக்கலாம். ஆகாமயும் இருந்திருக்கலாம். தெரியல ஐயா.”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் சுமந்திருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தால் இறக்கி வைத்திருப்பேன். இதை எங்கே வைப்பது.

பி.ப. வீட்டுக்குப் போய் குளித்தேன். தொட்டி வழிந்து மாடியெல்லாம் தண்ணீர். அந்தத் திருகு.

மெஷின் பக்கம் போகவில்லை. போனேன். தலையணையில் அவள் நெற்றி பட்ட பள்ளம் அப்படியே இருக்கிறது. ஊசி துணியில் குத்தியபடி நிற்கிறது. எத்தனை தடவை இந்த வழியாகப் போயிருக்கிறேன். சக்கரம் சுற்றும் சத்தம் ஒரு நாளாவது கேட்டேனா? கேட்கவில்லை. பன்னிரண்டு நாள்.

டீக்கடையைச் சுற்றிக்கொண்டு போனேன்.

ஜூலை 12, சனி

ஒன்றும் இல்லை. குழாயில் வடிவது குறைவு. இரவு நல்ல மழை, வராந்தாவுக்குள் சாரல்.

இந்து ஒரு தாள் கொடுத்தாள். கோடு போட்டு, மேலே தன் கையால்: நேரம், பி.பி., ஜுரம், மூச்சு, சாப்பாடு. “பாத்தத மட்டும் எழுதுங்க மாமா.” என்னோடு நாலு நாளில் முதல் பேச்சு. எழுதினேன். சாப்பாடு: கஞ்சி, ஆறு ஸ்பூன். எட்டு என்று எழுதக் கை போனது. ஆறு.

ஜூலை 14, திங்கள்

வெயில் இல்லை, மூட்டம். குழாயை எடுத்துவிட்டார்கள். வார்டுக்கு மாற்றம். ஜன்னலோரக் கட்டில்.

மதியம் ரோசாலி அம்மா அணிவகுப்பு முடிந்து நேராக வந்தார். பழைய ரவிக்கை, மேலே மெடல். தனம் பச்சை ரவிக்கைக்காக மன்னிப்புக் கேட்டாள். “அடுத்த வருஷம் போட்டுக்கறேன், நீதான் தைக்கணும்” என்றார். தனம் சரி என்றாள். இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

பக்கத்துக் கட்டில்காரர் மெடலைப் பார்த்து என்னிடம், “நீங்களும் பட்டாளமா சார்?”

“இல்ல. நான் அந்தச் செலக்‌ஷனுக்கே போகல.”

ரோசாலி அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். முப்பது வருஷமாக அரை அங்குலக் கதையைக் கேட்டவர்.

சாயங்காலம் இந்து, “இன்னும் அம்மாகிட்ட யாரும் முழுசாச் சொல்லல. மருந்து நிறுத்தினது அவங்களுக்குத் தெரியாது. எனக்கு அழுக வந்துடும். நீங்க சொல்லுங்க மாமா. உள்ளத மட்டும்” என்றாள். கீழே காபி வாங்கப் போய்விட்டாள்.

சொன்னேன். தண்ணீரில் அணு இல்லை. மருந்துதான் செய்தது. இனி அந்த மருந்து கிடையாது. ஸ்டீராய்டு முடிந்து ஸ்கேன். கட்டி அடங்கியும் இருக்கலாம், வளரவும் செய்யலாம், அவர்களுக்கே தெரியாது. விரல் விட்டு எண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே இருந்தாள். கட்டிலை இறக்கச் சொன்னாள். இறக்கினேன். மல்லாந்து படுத்தாள். வலிக்கவில்லையாம். பதினெட்டு நாளுக்கப்புறம்.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

“உன்ன மாதிரியே இல்ல நீ பேசறது.” கூரையைப் பார்த்துக்கொண்டே, “கட்டி கொறஞ்சிதுல்ல, அத மளிகக் கடையில முக்கால்னு சொன்னியாமே. ரோசாலி அம்மா சொன்னாங்க.”

“ம்.”

“எனக்குச் சொல்லுண்ணா. இனிமே எவ்ளோ கொறையும்? அந்தக் கடையில சொல்ற மாதிரியே சொல்லு.”

வாயைத் திறந்தேன். முக்கால் வரவில்லை. பாதி வரவில்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள். கால் என்றுகூட வரவில்லை.

ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றினேன். கீழே கொஞ்சம் சிந்தியது.